இருபத்தொன்று, இருபத்துநான்கு, பதினைந்து

வண்டி பொய் சொல்லாது, வண்டிக்காரன்தான் பொய் சொல்வான் என்பது கிழவரின் கட்சி. முப்பத்தைந்து வருடமாக அந்தக் கட்சிக்குத் தலைவர், தொண்டர், கொடி பிடிக்கிறவர் எல்லாம் அவர் ஒருவர்தான். டாக்டரை நம்ப மாட்டார். வானிலை சொல்கிறவர்களை நம்ப மாட்டார். புதிதாக வாங்கிய நட்டைக்கூட வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். ஊரில் அவருக்கு 'சந்தேகம்' என்று பேர். பட்டறைக்குப் பலகை கிடையாது. 'வண்டியைச் சந்தேகத்துகிட்ட விட்டிருக்கேன்' என்றால் போதும், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கிற கொட்டகை என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பேர்ப்பட்டவர் நம்பிய ஒரே பொருள், பழைய கார்களின் டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கு.

இப்போது வருகிற வண்டிகளில் ஒரு மிஷினைச் செருகினால் வியாதியின் பேரே திரையில் எழுத்தாக வந்துவிடுகிறது. பழைய வண்டிக்கு அந்தச் சொகுசு இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பிளக் இருக்கும். அதில் இரண்டு ஓட்டைகளைத் துண்டு வயரால் இணைத்து, என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும். இரண்டு சிமிட்டல், கொஞ்சம் நிறுத்தம், ஒரு சிமிட்டல் என்றால் இருபத்தொன்று. எந்த நம்பரையும் மூன்று தடவை சொல்லும். முதலில் பன்னிரண்டு வரும். நான் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அர்த்தம். கோளாறு இல்லாத வண்டி பன்னிரண்டையே சொல்லிக்கொண்டு கிடக்கும். கோளாறு இருந்தால் அந்தந்த நம்பர்கள் பின்னால் வரும், சின்னது முதலில், பெரியது பிறகு. வரிசை மாறவே மாறாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட கிழவருக்கு இந்தப் பாஷை பிடித்துப்போயிற்று. எழுத்துக் கூட்ட வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே எண்ணுவார்.

மகளின் காருக்கு வயது இருபத்தாறு. மகளைவிட இரண்டு வயது இளையது. ரிட்டயரான வாத்தியார் ஒருவரிடமிருந்து அவளே பார்த்து வாங்கிய கார். அதன் கம்ப்யூட்டர் பெட்டி போன வாரம் செத்துப்போயிற்று. பக்கத்து சீட்டில் உட்காருகிறவரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்குள் இருக்கும், ஒரு புத்தகத்தின் அளவு அலுமினியப் பெட்டி. எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று அதுதான் சொல்ல வேண்டும். அது இல்லாமல் என்ஜின் வெறும் இரும்பு. புதுப்பெட்டி இப்போது எங்கும் செய்வதில்லை. கிழவர் காயலான் கடையில் தேடி, அதே மாதிரிப் பெட்டி ஒன்றை எடுத்துவந்து வெள்ளிக்கிழமை மாட்டினார். முதல் திருப்பிலேயே என்ஜின் கிளம்பியது.

அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் சரியாகிற வேலையை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. ஆனால் மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, காரில் நாலு மணி நேரம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பட்டியலில் அடுத்த பேருக்குப் போய்விடும். ஞாயிறு மத்தியானம் கிளம்புவதென்று அவள் பெட்டி படுக்கையெல்லாம் கட்டி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை, வழக்கப்படி, வண்டியை அனுப்புமுன் கடைசியாக ஒரு தடவை விளக்கைக் கேட்டுவிடலாம் என்று கிழவர் வயரைச் செருகினார்.

பன்னிரண்டு, மூன்று தடவை. பிறகு இருபத்தொன்று. பிறகு இருபத்துநான்கு. பிறகு பதினைந்து.

கிழவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். இருபத்துநான்குக்குப் பிறகு பதினைந்து வராது. வந்ததே இல்லை. எண்ணிக்கை தவறிவிட்டது என்று காலால் கோட்டை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அதே வரிசை. சுவரில் ஒட்டியிருந்த பழைய புத்தகத் தாளில் நம்பருக்கு நேரே விரலை வைத்து மெதுவாகப் படித்தார். இருபத்தொன்று: ஆக்சிலரேட்டர் முழுசாக மிதிபட்டே இருக்கிறது. இருபத்துநான்கு: என்ஜின் வேகமாக ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பதினைந்து: என்ஜின் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறது.

போய்ப் பார்த்தால் இந்த வண்டியில் அதில் ஒன்றுமே இல்லை. ஆக்சிலரேட்டர் கேபிள் வெண்ணெய் மாதிரி ஓடியது. சக்கரத்தின் வேகம் காட்டும் முள் ஒழுங்காக ஏறி இறங்கியது. என்ஜினோ கையை வைத்தால் தோல் உரியும் சூட்டில் இருந்தது.

சரி, பழைய ஞாபகம் என்று நினைத்து ஃபியூஸைப் பிடுங்கி நூறு எண்ணினார். கரண்ட் போனால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும், அதுதான் அதன் பிறவிக் குணம். நூறு எண்ணி ஃபியூஸைப் போட்டார். இருபத்தொன்று, இருபத்துநான்கு, பதினைந்து. பெட்டியையே கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து மாட்டினார். இருபத்தொன்று, இருபத்துநான்கு, பதினைந்து.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காயலான் கடையில் வெயிலிலும் மழையிலும் கரண்ட் இல்லாமல் மாசக்கணக்கில் கிடந்த பெட்டி இது. ஒன்றும் ஞாபகம் இருக்கவே நியாயமில்லை. முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்டதுபோல் இருந்தது.

காயலான் கடைக்காரன் இவரைக் கண்டதும் எழுந்து நிற்கவில்லை. உடைந்த பஸ் சீட்டில் சாய்ந்தபடியே, "என்ன மாமா, பெட்டி பேசுதா?" என்றான்.

"பேசுது. எந்த வண்டியிலேருந்து எடுத்த?"

"கார்லேருந்துதான். பின்ன கட்டில்லேருந்தா எடுப்பாங்க?"

"உன் நக்கலை வேற ஆளுகிட்ட வச்சுக்க. வண்டியைக் காட்டு."

அவன் முனகிக்கொண்டே கூட்டிப்போனான். அடுக்கி வைத்த கார் கூடுகளுக்குக் கடைசியில், செடி மண்டிக்கிடந்த மூலையில் நீலக் கார் ஒன்று நின்றது. மகளின் கார் மாதிரியேதான். சீட்டுத் துணி முழுக்கக் காய்ந்த சேறு. சேற்றுக்கோடு கூரையைத் தொட்டிருந்தது.

"தண்ணில கிடந்த வண்டியா?" என்றார் கிழவர்.

"மலைக்குப் போற வழியில நீர்த்தேக்கம் இருக்கு பாருங்க, கரைமேலயே ரோடு போகுமே, அதுலதான். ரெண்டு கோடை முன்னாடி தண்ணி வத்தினப்போ கூரை தெரிஞ்சுது. கிரேன் போட்டு எடுத்தாங்க."

"உள்ள எத்தனை பேரு?"

"மாமா, நான் இரும்பு வாங்குறவன். உள்ள இருந்ததை எடுத்துட்டுத்தான் எனக்கு விப்பாங்க. நான் எதையும் கேக்கறதில்ல. கேட்டா நைட்டு சோறு இறங்காது."

"தண்ணில ஊறின பெட்டி எப்படிடா வேலை செய்யுது?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன். சும்மா மாட்டிப் பாத்தேன், விளக்கு எரிஞ்சுது. சரி, கம்பெனிக்காரன் அந்தக் காலத்துல நல்லா செஞ்சிருக்கான்னு வச்சுக்கிட்டேன்."

கிழவர் நீலக் காருக்குள் தலையை நீட்டி, ஆக்சிலரேட்டர் பெடலைக் கையால் அமுக்கிவிட்டார். சேறு உதிர்ந்தது. பெடல் துள்ளி மேலே வந்தது. கேபிள் அறுந்ததுமில்லை, சிக்கினதுமில்லை. அப்படியானால் இருபத்தொன்று என்பது கோளாறு இல்லை. யாரோ மிதித்திருக்கிறார்கள். கடைசி வரைக்கும் காலை எடுக்கவில்லை. பிறகு என்ஜின் அலறியிருக்கிறது, சக்கரம் நின்றிருக்கிறது. பிறகு குளிர். பெட்டி நம்பர் வரிசையில் சொல்லவில்லை, நடந்த வரிசையில் சொல்கிறது.

"வேற பெட்டி இருக்கா?"

"இந்த மாடலுக்கா? இருந்தா நான் ஏன் இதை எடுத்துக் கொடுக்கப் போறேன்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழவர் பட்டறைக்குப் போய்க் காருக்குள் உட்கார்ந்தார். பெட்டியைக் கழற்றிச் சாக்கடையில் வீசிவிட அவருக்கு இரண்டு நிமிஷம் போதும். கை ஸ்குரூ டிரைவர்வரைக்கும் போயிற்று. அதற்குமேல் போகவில்லை. காரணம் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி வேறொரு ஊரில் அவளுக்கு வேலை கிடைத்தது. பட்டறையின் பழைய வேனில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார். கிளம்புகிற அன்று காலை வேன் கிளம்பவில்லை. "என்ஜின் போயிடுச்சும்மா, நான் என்ன பண்ணட்டும்" என்று கையை விரித்தார். அந்த வேலை போயிற்று. இரண்டு மாதம் கழித்து, பெயிண்ட் டப்பாவில் ஆணி தேடிய மகளுக்கு, வேன் என்ஜினிலிருந்து அவர் கழற்றிச் சுருட்டி வைத்திருந்த காயில் வயர், என்ஜினுக்குப் பொறி கொடுக்கிற வயர், கிடைத்தது. அவள் கத்தவில்லை, அழவில்லை. வயரைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து வண்டியைப் பற்றி அவர் சொல்லும் ஒரு வார்த்தையையும் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஊரையே சந்தேகப்பட்ட மனுஷனை வீட்டில் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள்.

இன்னொரு தடவை அப்படிச் செய்தால் அவள் பஸ்ஸிலோ நடந்தோ போய்விடுவாள். போனால் திரும்பி வர மாட்டாள். செய்யாவிட்டால் அந்தக் கரை ரோட்டில் இந்தப் பெட்டியோடு போவாள். கிழவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். விளக்கை இன்னொரு தடவை கேட்டார். அதே மூன்று நம்பர். வீட்டுக்குப் போய் மகளைக் கையோடு கூட்டிவந்தார்.

"இந்தத் தடவை எந்த வயருப்பா?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்தாள்.

"வயரு இல்ல. பெட்டி."

"ஓ. பதவி உயர்வு."

"கேலி பண்ணு, வாங்கிக்கிறேன். உக்காரு. நீயே எண்ணு. சின்ன வயசுல எத்தனை தடவை எண்ணியிருக்க. நான் வாயைத் திறக்கல."

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கிழவர் குனிந்து வயரைச் செருகினார். சாவியைத் திருப்பினாள். விளக்கு சிமிட்டியது.

"ஒண்ணு… ரெண்டு. பன்னெண்டு," என்றாள். "பன்னெண்டு. பன்னெண்டு."

"இரு. இனிமேதான் வரும்."

"பன்னெண்டு."

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு சிமிட்டல், நிறுத்தம், இரண்டு சிமிட்டல். ஒரு சிமிட்டல், நிறுத்தம், இரண்டு சிமிட்டல். சமர்த்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் தரையில் போட்ட கோடுகள் இன்னும் அழியவில்லை.

"பன்னெண்டுன்னா என்னப்பா?" அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

"ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

"வண்டி பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

கிழவர் நீலக் காரைப் பற்றியும் கரை ரோட்டைப் பற்றியும் சொன்னார். சொல்லச் சொல்ல, தன் குரல் தனக்கே பொய்க் குரலாகக் கேட்டது. அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு, "போன தடவை என்ஜின் போச்சு. இந்தத் தடவை பேய். அடுத்த தடவைக்கு என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?" என்றாள்.

"அப்ப நானும் கூட வரேன்."

"எதுக்கு? பாதி வழில கழட்டவா?"

"சும்மா பக்கத்துல உக்காந்து வரேன். உன்னை விட்டுட்டு நாளைக்கு பஸ்ஸுல திரும்பிடறேன். வாயே திறக்க மாட்டேன்."

வீட்டில் இதைக் கேட்ட மனைவி சிரித்தாள். "உங்க அப்பா நாலு மணி நேரம் வாய் திறக்காம வருவாராமா? நல்லவேளை, போற இடம் ஆஸ்பத்திரி. அப்படியே அட்மிட் பண்ணிடு."

அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிழவர் திரும்பவும் பட்டறைக்குப் போனார். இந்த மாடலில் பெட்டிக்கு வாய் உண்டே தவிரக் கை கிடையாது. ஆக்சிலரேட்டரை அதனால் இழுக்க முடியாது. பெடலிலிருந்து என்ஜினுக்கு வெறும் கம்பிக் கேபிள், அவ்வளவுதான். இது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. டாங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்பின் வயரை நடுவில் வெட்டி, ஒரு சாதாரண சுவிட்சைப் போட்டு, அதைத் தன் சீட்டுக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார். யார் என்ன மிதித்தாலும் பெட்ரோல் இல்லாமல் என்ஜின் எதைக் குடிக்கும்? மகளிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் வயரில் கை வைப்பது இது இரண்டாவது தடவை.

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். இரண்டு மணி நேரம் வண்டி எண்ணெய் போட்ட மாதிரி போயிற்று. மஞ்சள் விளக்கு எரியவில்லை. வயல்களும் செங்கல் சூளைகளும் போய், ரோடு ஏற ஆரம்பித்தது. மகள் நன்றாக ஓட்டினாள். பிரேக்கை அவசியத்துக்குமேல் தொடவில்லை. கிழவர் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. அவளால்தான் தாங்க முடியவில்லை.

"அன்னைக்கு ஏன்ப்பா அப்படிப் பண்ணீங்க?"

கிழவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீடு காலியாயிடும்னு."

"அதை வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நின்னிருப்பியா?"

அவள் யோசித்தாள். "இல்ல."

"அப்புறம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வாயின் ஒரு மூலை அசைந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வளைவு திரும்பி, நீர்த்தேக்கத்தின் கரை வந்தது.

நேரான ரோடு. ஒரு பக்கம் சரிவில் புதர்கள், இன்னொரு பக்கம் தண்ணீர். தண்ணீர்ப் பக்க ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை அடித்த கற்கள். சாயங்கால வெயில் தண்ணீரின்மேல் தகடுபோல் கிடந்தது. எதிரே ஒரு வண்டி இல்லை. கிழவர் கையைச் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய் சுவிட்சைத் தொட்டுக்கொண்டார்.

என்ஜின் சத்தம் ஏறியது.

"மெதுவா போ," என்றார்.

"அப்பா." அவள் குரல் சின்னதாக இருந்தது. "நான் மிதிக்கல."

கிழவர் குனிந்து பார்த்தார். அவளுடைய வலது கால் ஆக்சிலரேட்டரின் பக்கத்திலேயே இல்லை, சீட்டோடு ஒட்டிப் பின்வாங்கியிருந்தது. ஆனால் பெடல் கீழே போய்க்கொண்டிருந்தது. துள்ளலோ நடுக்கமோ இல்லாமல், ஆற அமர, ஒரு முடிவோடு தரைவரைக்கும் போயிற்று. பெடலின் ரப்பர், செருப்புப் போட்ட பாதத்துக்கு அடியில் நசுங்குவதுபோல் நடுவில் குழிந்திருந்தது.

அவர் சுவிட்சை அமுக்கினார். பெட்ரோல் நின்றாலும் குழாயில் இருக்கும் மிச்சம் தீர நாலைந்து நொடி ஆகும். அந்த நாலைந்து நொடியில் கரைக்கல் இவர்களை நோக்கி ஓடி வந்தது. ஸ்டியரிங் தண்ணீர்ப் பக்கமாகத் திரும்பப் பார்த்தது. மகள் இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது.

"கியரை எடு! பிரேக்! ரெண்டு காலாலயும் மிதி!"

அவள் மிதித்தாள். டயர் கத்தியது. வெள்ளைக் கல் ஒன்றை முன்பக்கம் இடித்துச் சாய்த்துவிட்டு வண்டி நின்றது. கல் சரிவில் உருண்டு தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை, ஏனென்றால் என்ஜின் அலறிக்கொண்டிருந்தது. வேக முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. சக்கரம் அசையவில்லை. என்ஜின் மட்டும் அடிவயிற்றிலிருந்து அலறியது.

"இருபத்திநாலு," என்றார் கிழவர் தனக்குள்.

பெட்ரோல் தீர்ந்தது. இரண்டு இருமல் இருமி என்ஜின் அடங்கியது. தண்ணீர் கரையை நக்கும் சத்தம் மெல்லக் கேட்க ஆரம்பித்தது.

பிளக்கில் வயர் ஏதும் இல்லை. இருந்தும் மஞ்சள் விளக்கு சிமிட்டியது. ஒரு தடவை. நிறுத்தம். பிறகு ஐந்து தடவை. இந்தத் தடவை மகளும் எண்ணினாள், உதடு அசைவதைக் கிழவர் பார்த்தார். இரண்டு மணி நேரம் ஓடிய என்ஜினின் சூட்டைக் காட்டும் முள், பாதியிலிருந்து கிளம்பிக் கால்வாசிக்கு வந்து, கடைசிக் கோட்டையும் தாண்டிக் கீழே இறங்கியது. கணுக்காலைச் சுற்றி ஏதோ குளிர்ந்தது. தரை விரிப்பு காய்ந்துதான் இருந்தது. குளிர் மட்டும் கெண்டைக்காலுக்கு ஏறியது.

"இறங்கு," என்றார்.

எந்த வயர் என்று அவள் கேட்கவில்லை. இறங்கினாள். இருவரும் ரோட்டின் மறுபக்கம் போய், கதவு மூடிய வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுடைய கை அவர் சட்டையைப் பிடித்திருந்தது. ஆறு வயசுக்கு அப்புறம் பிடித்ததில்லை.

ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் அடியில் ஓர் ஈரக்கோடு தெரிந்தது. கோடு நேராக இருந்தது. மெல்ல ஏறியது. கோட்டுக்குக் கீழே கண்ணாடி இருட்டாகவும் மேலே வெளிச்சமாகவும் இருந்தது. கதவிடுக்கில் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பின் சீட்டுக் கண்ணாடியில், கோட்டுக்குச் சற்று மேலே, உள்ளேயிருந்து ஊதியதுபோல் வட்டமாக ஆவி படிந்தது. மறைந்தது. கொஞ்சம் மேலே மறுபடி படிந்தது. பக்கத்தில் இன்னொன்று, சின்னதாக.

"அப்பா, பின்னாடி ஆள் இருக்கு."

"இல்ல. பாக்காத. வா, நடக்கலாம்."

"மூச்சு விடுறாங்கப்பா."

"அது முடிஞ்சுபோனதும்மா. ரெண்டு மூணு வருஷம் முன்னாடி முடிஞ்சுபோனது."

நர்ஸ் அவள். முடிந்துபோனது என்று இன்னொருவர் சொல்லிக் கேட்டுக்கொண்டு நிற்கப் பழகாதவள். அவர் சட்டையை விட்டுவிட்டு ரோட்டைக் கடந்து ஓடினாள். கிழவர் "ஏய், ஏய்" என்றபடி பின்னால் போவதற்குள் பின்கதவைப் பிடித்து இழுத்தாள். கதவு வரவில்லை. பூட்டவில்லை, ஆனால் வரவில்லை, உள்ளே ஏதோ கனம் அழுத்திக்கொண்டிருந்தது. காலை வண்டியில் ஊன்றி இழுத்தாள். கிழவரும் கை கொடுத்தார். முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ துருப்பிடித்த கதவுகளை இழுத்த கை. பட்டென்று திறந்தது.

ஒன்றும் வரவில்லை. தண்ணீர் வரவில்லை. பின் சீட்டில் அவளுடைய படுக்கைச் சுருட்டும் பையும் வைத்தபடியே இருந்தன. குளிர்ந்த காற்று மட்டும் முகத்தில் ஒரு தடவை அடித்துவிட்டுப் போயிற்று. அதில் பாசி வாடை. மறுபக்கப் பின்கதவையும் அவள் ஓடிப்போய்த் திறந்தாள். அங்கேயும் அதே குளிர், அவள் இடுப்பைத் தாண்டாத உயரத்தில் கடந்துபோயிற்று. அவள் கொஞ்ச நேரம் குனிந்து, யாரையோ இறக்கிவிட்டதுபோல் கையை நீட்டியபடி நின்றாள். பிறகு கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடியில் கோடு இல்லை. மஞ்சள் விளக்கும் அணைந்திருந்தது.

கால் மணி நேரம் கழித்துப் பால் வண்டி ஒன்று மலைக்கு ஏறிவந்தது. டிரைவர் நிறுத்தி, சாய்ந்த கல்லைப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போவதாகச் சொன்னார்.

"நீ ஏறு," என்றார் கிழவர்.

"உங்களை இங்க விட்டுட்டா? விளையாடறீங்களா?"

"காயலான் கடைக்காரனுக்கு போன் போட்டிருக்கேன். லாரி எடுத்துட்டு வரான். எட்டு மணிக்குள்ள வந்துடுவான்."

"அப்ப நானும் இருக்கேன். காலைல போறேன்."

"காலைல எப்படிப் போவ? காலைல எட்டுக்கு நீ அங்க கையெழுத்துப் போடணும். ஒரு தடவை நான் கெடுத்தேன், போதும். ஏறும்மா."

அவர் படுக்கையையும் பையையும் எடுத்துப் பால் வண்டியில் வைத்தார். சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் போட்டிருந்ததையும், அதைச் சொல்லாமல் போட்டதையும் சொன்னார். அவள் அவரையே பார்த்தாள். "அடுத்த தடவை சொல்லிட்டுப் போடுங்க," என்றாள். ஏறி உட்கார்ந்தாள். வண்டி வளைவு திரும்புகிறவரைக்கும் அவள் கை வெளியே இருந்தது.

கிழவர் காரைச் சுற்றி வந்து டிரைவர் பக்கக் கதவையும் அகலமாகத் திறந்து வைத்தார். உள்ளே குனிந்தார். என்ஜின் செத்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆக்சிலரேட்டர் பெடல் இன்னும் தரையோடு தரையாகக் கிடந்தது. ரப்பரின் நடுவில் அந்தக் குழி அப்படியே இருந்தது.

அவர் ரோட்டிலேயே, கதவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இப்படிக் காலை எடுக்காமல் மிதிக்கிற ஆளிடம் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாது. ஆனால் பிடித்ததை விடாத ஆள் ஒருவனோடு, தன்னோடுதான், அவர் வெகு காலம் குடித்தனம் செய்திருக்கிறார். தட்டுக்குப் பக்கத்தில் மகள் வைத்த ஒரு வயர்தான் அவனை வழிக்குக் கொண்டுவந்தது.

"போதும்ப்பா," என்றார். "காலை எடு. பின்னாடி இருந்தவங்க எல்லாம் இறங்கியாச்சு."

பெடல் மேலே வரவில்லை. தண்ணீர் கரையை நக்கிக்கொண்டிருந்தது. கிழவருக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.